சமுதாய அபிவிருத்தி ஆராய்ச்சியும் கிராமத்தாருக்குரிய கணக்கும்

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதுவது)

சென்ற மாதம் எங்கள் வட்டாரத்து இளைய உத்தியோகஸ்தர் ஒருவர் என்னிடம் வந்து, தாம் சமுதாய அபிவிருத்தி என்னும் பாடத்தில் டாக்டர் பட்டத்திற்குப் பகுதிநேர மாணவியாகச் சேர விரும்புவதாகவும், அதன் பொருட்டு இலாகாவின் ஆட்சேபணையின்மைச் சான்றிதழை வேண்டி விண்ணப்பம் எழுதியிருப்பதாகவும் கூறி, என் அபிப்பிராயத்தைக் கேட்டார். அவர் விவசாயத்தில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றவர். யானோ இரண்டு வருஷ டிப்ளமாப் படிப்புடன் உத்தியோகத்தில் அமர்ந்து, இருபத்திரண்டு வருஷங்களாக வரப்புகளின்மீது நடந்து வருபவன். டிமான்ஸ்டிரேட்டர் என்பது எங்கள் பதவியின் பழைய பெயர். இப்பொழுது வேறு பெயர் வழங்குகிறது. எனினும் செய்து காட்டுகிறவன் என்ற பொருள் அதில் அடங்கியிருப்பதால் எனக்கு அதுவே பிடித்தமானது. டாக்டர் பட்டத்தின் வாசற்படியைக்கூட மிதிக்க இயலாத என்னிடம் அவர் யோசனை கேட்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. ஆராய்ச்சி மாணவர்கள் எங்கள் பக்கம் வந்தால், அவர்களைக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்று குடியானவர்களுடன் அறிமுகம் செய்துவைக்கும் வேலை பெரும்பாலும் என்னிடமே ஒப்புவிக்கப்படுகிறது. அவ்வகையில் பல ஆராய்ச்சிகளின் பிறப்பை யான் பார்த்திருக்கிறேன். அவற்றின் முடிவைப் பார்த்தது மிகச் சிலவற்றில்தான்.

அலுவலகத்திலுள்ள மற்றவர்கள் அந்த அம்மையாருக்குச் சொன்ன பதில் வேறு. "இதனால் சம்பளம் கூடுமா, உத்தியோக உயர்வு கிடைக்குமா? இல்லையென்றால் ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை ஏன் வீணாக்க வேண்டும்?" என்றார்கள். கிராமத்து வேலைக்குக் கிராமத்து அனுபவமே போதும், அதற்கு மேல் படிப்பு எதற்கு என்றும் ஒருவர் சொன்னார். அவர் என்னை மனத்தில் வைத்துப் புகழ்ச்சியாகச் சொல்லியிருக்கலாம். ஆயினும் அவ்வார்த்தையை யான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்பதையும், ஒப்புக்கொள்ளாவிடினும் எனக்குள்ள ஒரு பெரிய ஆட்சேபத்தையும், அதற்குப் பரிகாரமாக எனக்குத் தோன்றுவதையும் இங்கு எழுதுகிறேன்.

அனுபவம் போதும் என்போர் நம் தேசத்துச் சமுதாய அபிவிருத்தித் திட்டத்தின் சரித்திரத்தைச் சற்று நினைக்க வேண்டும். ஐக்கிய மாகாணத்தில் எட்டாவா ஜில்லாவில் 1948-ஆம் வருஷம் ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞரின் யோசனைப்படி ஒரு பரீட்சைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரே ஊழியர் விவசாயம், கால்நடை, சுகாதாரம் முதலிய சகல விஷயங்களுக்கும் கிராமத்தாரின் துணைவராக இருப்பது என்பது அதன் முறை. அதையும் அதற்கு முன் நடந்த வேறு சில முயற்சிகளையும் கண்டு, 1952-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆந் தேதி தேசமுழுதும் 55 இடங்களில் சமுதாய அபிவிருத்தித் திட்டங்கள் ஆரம்பமாயின. ஒவ்வொன்றும் சுமார் 300 கிராமங்களைக் கொண்டது. மறு வருஷமே தேசிய விஸ்தரிப்பு சேவை வந்தது. கிராம சேவக் என்னும் உத்தியோகஸ்தர்கள் நியமிக்கப்பட்டனர். எங்கள் தொழிலுக்கு அவர்கள் தகப்பன்மார் என்றே சொல்ல வேண்டும். உற்சாகத்திற்கு அந்நாளில் குறைவில்லை. சாலைகளும் கிணறுகளும் பள்ளிக்கூடங்களும் கட்டப்பட்டன. ஆனால் ஐந்து வருஷத்திற்குள், 1957-இல், பல்வந்தராய் மேத்தா கமிட்டி விசாரித்துப் பார்த்தபோது, ஜனங்கள் இத்திட்டத்தைத் தங்களுடையதாகக் கொள்ளவில்லை என்பது வெளியாயிற்று. கிராமத்தாரின் கையிலேயே அதிகாரத்தைக் கொடுக்கும் மூன்றடுக்குப் பஞ்சாயத்து முறையை அக்கமிட்டி சிபாரிசு செய்தது. 1958-இல் சென்னை ராஜ்யத்துப் பஞ்சாயத்துச் சட்டமும் அதன் வழியே பஞ்சாயத்து யூனியன்களும் வந்தன.

அதே சமயத்தில் எஸ். சி. தூபே என்னும் சமூக சாஸ்திர அறிஞர் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஒரு திட்டப் பகுதியை ஆராய்ந்து, 1958-இல் ஒரு நூல் வெளியிட்டார். திட்டத்தின் லாபத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே வசதியுள்ள குடியானவர்களையே அடைந்தது என்பதையும், கிராம சேவக்கின் தலைமீது மேலதிகாரிகள் எத்தனை மூட்டைகளை ஏற்றினர் என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். திட்டத்தை நடத்தியவர்களுக்கு அனுபவம் இல்லாமலில்லை. ஆனால் நடத்துகிறவனுக்குத் தன் வேலையின் குறை தென்படுவது அரிது. யான் அமைக்கும் செய்துகாட்டும் நிலம் எப்பொழுதும் சாலையோரத்திலேயே அமைகிறது. மேலதிகாரியின் ஜீப் அங்கேதான் நிற்கும். இதை ஒரு குற்றமாக யான் பதினைந்து வருஷம் எண்ணியதேயில்லை. ராபர்ட் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1983-இல் எழுதிய நூலில் இப்பழக்கத்தை ஒரு நோயாகவே வர்ணித்திருப்பதாக ஓர் ஆராய்ச்சி மாணவர் சொல்லக் கேட்ட பின்புதான், என் நிலங்களின் பட்டியலை எடுத்துப் பார்த்து வெட்கமடைந்தேன். ஆகவே, படிப்பு வேண்டும். வெளியே நின்று பார்க்கும் கண் நம் இலாகாவிற்கு அவசியம். அந்தக் கண் நம்மவர் ஒருவருடையதாகவே இருந்தால் இன்னும் நன்று.

நம்மவருடையது என்று யான் சொல்வதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. அமெரிக்காவில் அயோவா என்னும் மக்காச்சோள நாட்டில் ஒட்டுச்சோள விதை 1928-இல் குடியானவர்களிடம் வந்தது. அது எவ்வாறு பரவிற்று என்பதை ரையன், கிராஸ் என்னும் இருவர் 259 குடியானவர்களைக் கண்டு விசாரித்து 1943-இல் வெளியிட்டனர். விதையைப் பற்றி முதலில் சொன்னவர்கள் பெரும்பாலும் விதை விற்போரே. ஆனால் அதை நம்பி விதைக்கும்படி செய்தது அண்டை வயல்காரனின் வார்த்தை என்பது அவர்கள் கண்ட முடிவுகளில் ஒன்று. பிற்பாடு எவரெட் ராஜர்ஸ் என்பவர் அதே அயோவாவில் இவ்விஷயத்தை மேலும் ஆராய்ந்து 1957-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் ஒரு குடியானவரின் பிள்ளை. அவருடைய தகப்பனார் புதிய இயந்திரங்களை விரும்பி வாங்குவார். ஒட்டு விதையை மட்டும் தொடமாட்டார். 1936-ஆம் வருஷத்து வறட்சியில் அண்டை வயலின் ஒட்டுச்சோளம் நிமிர்ந்து நிற்கத் தம் பயிர் வாடிச் சாய்ந்ததைக் கண்ட பின்பே மனம் மாறினாராம். வீட்டுத் திண்ணையில் பிறந்த கேள்வியையே அப்பிள்ளை சர்வகலாசாலைக்குக் கொண்டுபோனார். 1962-இல் அவர் எழுதிய நூலை ஆதாரமாகக் கொண்ட பாடங்களையே எனக்கும் டிப்ளமாவில் போதித்தார்கள்.

அப்பாடத்தில் ஒரு வார்த்தை உண்டு. புதிய முறையைக் கடைசியாக ஏற்பவரைப் 'பின்தங்குவோர்' என்று வகுத்திருக்கிறார்கள். பரீட்சைக்கு அதை மனனம் செய்து எழுதி மார்க்கு வாங்கினேன். உத்தியோகத்திற்கு வந்த பின்பு அவ்வார்த்தையின்மேல் எனக்கு உண்டான கசப்பு இன்னும் போகவில்லை. தன் மாடுகளுக்கு வைக்கோல் போதாது என்று குட்டை ரக நெல்லை மறுத்தவனை எப்படிப் பின்தங்கியவன் என்பது? குறையை எப்பொழுதும் தனி மனிதன் தலையிலேயே கட்டும் வழக்கம் இவ்வகை ஆராய்ச்சிகளில் உண்டென்பதை ராஜர்ஸ் தாமே பிற்காலப் பதிப்புகளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தத் திருத்தம் பாடப் புத்தகங்களுக்கு வந்து சேர நாளாகிறது.

இனி என் ஆட்சேபத்திற்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு ஓர் ஆராய்ச்சி மாணவர் எங்கள் வட்டாரத்திற்கு வந்தார். செம்மை நெல் சாகுபடியை எத்தனை பேர் ஏற்றார்கள், எத்தனை பேர் ஏற்கவில்லை, ஏன் என்பது விஷயம். கையில் 120 வினாத்தாள்கள். ஒன்பது நாட்களில் வேலையை முடித்தார். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினார், குடியானவர்கள் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். 'ஏற்கவில்லை' என்ற விடைக்குக் கீழே காரணங்களுக்காக ஐந்து கட்டங்கள் அச்சிடப்பட்டிருந்தன. அறியாமை, அச்சம், பணமின்மை என்பன அவற்றுள் சில. பெரும்பாலோருக்கு முதல் கட்டத்திலேயே குறி விழுந்தது.

உண்மைக் காரணம் எந்தக் கட்டத்திலும் இல்லை. செம்மை நெல்லுக்கு ஏக்கருக்கு 3 கிலோ அளவே விதை போதும். 14 நாள் இளநாற்றை எடுத்து, குத்துக்கு ஒன்றாக, சதுரமாக இடைவெளி விட்டு நட வேண்டும். கிணற்றுப் பாசனக்காரனுக்கு இது சுலபம். கண்மாய்ப் பாசனத்தில் மடை திறக்கும் நாள் அவன் கையில் இல்லை. கண்மாய் நிறைந்து, ஊர் கூடிப் பேசி, நீர்க்கட்டி மடையைத் திறந்து, தலைமடைக்காரர் சேறாக்கி முடித்த பின்புதான் கடைமடைக்குத் தண்ணீர் போகும். அதற்குள் 14 நாள் நாற்று 25 நாள் நாற்றாகிவிடும். கடைமடைக்காரன் அறியாமையால் மறுக்கவில்லை. தன் மடையின் நாள் கணக்கை நன்றாக அறிந்தே மறுத்தான். இதைத் தவிர, நடவு வேலை செய்யும் ஸ்திரீகள் ஏக்கருக்கு இவ்வளவு என்று குத்தகையாகக் கூலி பேசுகிறவர்கள். கயிறு பிடித்து ஒற்றை நாற்றாக நட முதல் வருஷத்தில் நேரம் அதிகம் பிடிக்கிறது. கூலி மட்டும் பழைய கூலி. அவர்கள் முகத்தைச் சுளித்தால் குடியானவன் என்ன செய்வான்? அந்த 120 வினாத்தாள்களில் நடவு நடுகிற ஒரு ஸ்திரீயின் பெயராவது இல்லை.

இவையெல்லாம் எனக்குத் தெரியுமே, அப்பொழுதே சொல்லியிருக்கலாமே என்று வாசகர்கள் கேட்பது நியாயம். சொன்னேன். "அது என் வினாத்தாளில் இல்லை, ஐயா, வினாத்தாளை வழிகாட்டி ஏற்றுக்கொண்டுவிட்டார்" என்றார். அதற்குமேல் யானும் வற்புறுத்தவில்லை. எனக்கும் அன்று உரம் வந்து இறங்கும் நாளாயிருந்தது. இரண்டு வருஷங்களுக்குப் பின் அவருக்குப் பட்டம் கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், கடைமடையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர், என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அந்தத் தம்பி நம்ம ஊரைப் பற்றி என்ன எழுதிச்சு?" என்று கேட்பார். "நல்லபடியாக எழுதியிருக்கும்" என்று சொல்லி நழுவுவேன். அவர் சொன்னது 'அறியாமை' என்ற கட்டத்தில் ஒரு குறியாகக் கிடக்கிறது என்று எந்த முகத்துடன் சொல்வது?

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் சொல்லாமல் விடுவது தர்மமன்று. வேறோர் ஆராய்ச்சி மாணவி, பாசன சங்கங்களைப் பற்றி ஆராய வந்தவர், நாற்றுப் பாவுவதிலிருந்து அறுவடை வரையில் ஊரிலேயே ஒரு வீட்டில் தங்கினார். அடுத்த போகத்திற்கும் வந்தார். கடைமடைக்காரர்கள் சங்கக் கூட்டங்களுக்கு வருவதில்லை என்று கண்டு, அவர்களுக்குப் பொதுக் காரியத்தில் சிரத்தையில்லை என்று தம் முதல் பிரதியில் எழுதியிருந்தார். அதைச் சர்வகலாசாலையில் ஒப்படைக்குமுன், பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு மாலை வேளையில் ஊராரைக் கூட்டி, முக்கியமான பகுதிகளைத் தமிழில் வாசித்தார். சிரத்தையில்லை என்ற வாக்கியம் வந்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து, "தண்டோராக்காரர் மூணாவது மடையோட திரும்பிடுறார் தாயீ, எங்களுக்குக் கூட்டம் நடந்தது மறுநாள்தான் தெரியும்" என்றார். கூட்டம் கூடும் நேரமோ அவர்கள் கூலி வேலையிலிருந்து திரும்பாத நேரம். அந்தப் பெண் அங்கேயே பென்சிலால் அடித்துத் திருத்தினார். ஓர் அத்தியாயம் முழுவதும் மாறிற்றென்று பின்பு எனக்கு எழுதினார். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றியது வேறு: அடுத்த கூட்டத்திற்குத் தண்டோரா ஏழாவது மடை வரையில் போயிற்று. எந்த இலாகாவின் உத்தரவும் இல்லாமல் போயிற்று.

கிராமத்தை ஆராய்ந்து எழுதுவது தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. சென்னைச் சர்வகலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை விசாரிக்கச் செய்து 1918-இல் ஒரு நூல் வெளியிட்டார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் அதில் உண்டு. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மீண்டும் ஆராயச் செய்து 1940-இல் வெளியிட்டனர். இருவேல்பட்டில் பிற்காலத்திலும் பன்முறை ஆராய்ச்சி நடந்திருக்கிறது. இத்தனை நீண்ட காலத்துக் கணக்கு ஓர் ஊருக்கு இருப்பது எவ்வளவு பெரிய ஆஸ்தி! ஆனால் அவை ஆங்கிலத்தில் வெளிவந்தவை. இன்று ஆராய்ச்சிப் புத்தகங்களை 'சோத்கங்கா' என்னும் மின் களஞ்சியத்தில் யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடுதான். அதிலும் இத்துறையைப் பற்றியவை பெரும்பாலும் ஆங்கிலமே. என் போன்றவன் அகராதியை வைத்துக்கொண்டு படித்தாலும் புள்ளிவிவர அத்தியாயத்தில் தடுக்கி விழுகிறான். கடைமடைப் பெரியவர் என்ன செய்வார்?

இப்பொழுது அந்த ஆட்சேபணையின்மைச் சான்றிதழுக்கு வருகிறேன். சர்வகலாசாலை மானியக் கமிஷன் 2022-ஆம் வருஷம் நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, டாக்டர் பட்டத்திற்குக் குறைந்தது மூன்று வருஷம், மிகுந்தால் ஆறு வருஷம் படிக்கலாம். மறுபதிவு செய்துகொண்டால் மேலும் இரண்டு வருஷம். மாதர்க்கு அதன்மேலும் இரண்டு வருஷச் சலுகை உண்டு. உத்தியோகத்திலுள்ளவர் பகுதிநேரமாகப் படிக்க வேண்டுமானால் அவருடைய இலாகா மூன்று விஷயங்களை எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் படிக்க அனுமதியுண்டு என்பது ஒன்று. உத்தியோக வேலை போக ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் அவருக்குக் கிடைக்கும் என்பது இரண்டு. பாடங்களை முடிக்க அவசியமானால் வேலையினின்று விடுவிக்கப்படுவார் என்பது மூன்று. இலாகாவிற்கும் சர்வகலாசாலைக்கும் உள்ள பாத்தியதைகள் இதில் அடங்கிவிட்டன. எந்த ஊரின் திண்ணையில் உட்கார்ந்து விஷயம் சேகரிக்கப்படுகிறதோ அந்த ஊருக்குரிய பாத்தியதையைப் பற்றி இதில் ஒரு வரியும் இல்லை.

அந்த வரியை நம் இலாகா சேர்க்கலாம் என்பதே என் யோசனை. சான்றிதழ் கொடுப்பது நம் கையில் உள்ளது. அதைப் பெறும் உத்தியோகஸ்தர், ஆராய்ச்சிப் புத்தகத்தை ஒப்படைக்குமுன், தாம் விசாரித்த ஊர்களில் அதன் சாராம்சத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, ஊரார் சொல்லும் மறுப்புகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டம் பெற்ற பின் இருபது பக்கத்திற்கு மேற்படாத தமிழ்ச் சுருக்கம் ஒன்றை அந்தப் பஞ்சாயத்துக்கும் வட்டார அலுவலகத்திற்கும் கொடுக்க வேண்டும். இவ்வளவே. வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு நாம் கட்டளையிட முடியாது. அவர்களிடம் வேண்டுகோளாகச் சொல்லலாம். பெரும்பாலோர் ஒப்புக்கொள்வர் என்றே நம்புகிறேன், ஏனெனில் அவர்களை யாரும் இதுவரை கேட்டதில்லை.

இதற்கு ஆட்சேபங்கள் வரும். ஒருவர் சொன்ன விஷயம் ஊர் நடுவில் வாசிக்கப்பட்டால் பகை விளையாதா என்று கேட்பார்கள். பெயரும் சர்வே நம்பரும் இல்லாமல் வாசிக்க வேண்டும். சிறிய ஊரில் பெயரில்லாமலே ஆள் தெரிந்துவிடும் விஷயமானால் அதை வாசிக்கவே கூடாது. கடன், சாதி, கூலித் தகராறு ஆகியவற்றில் இந்த ஜாக்கிரதை மிகவும் வேண்டும். இரண்டாவது ஆட்சேபத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் அதுதான் பெரியது. இலாகாவில் வேலை செய்கிறவர் இலாகாவின் வேலையைப் பற்றியே ஆராய்ந்து, அதன் குறைகளை ஊர் நடுவில் வாசித்தால் மேலதிகாரிகள் என்ன நினைப்பார்கள்? என் செய்துகாட்டும் நிலங்கள் சாலையோரத்தில் இருப்பதை என் இளைய சகா எழுதினால் எனக்குச் சந்தோஷமாயிராது. ஆனால் எழுதாமல் விட்டால் அவரை இன்னும் மோசமாக நினைப்பேன். இது பற்றி இலாகா முன்கூட்டியே ஓர் உறுதிமொழி கொடுப்பது நலம்.

எல்லாவற்றையும் கேட்ட பின் அந்த அம்மையார், தாம் எண்ணியிருந்த விஷயத்தைச் சொன்னார். அதுவும் 120 குடியானவர்கள், ஏற்றவர், ஏற்காதவர் என்னும் பழைய அச்சுத்தான். "குடியானவர்களை எண்ணாமல் மடைகளை எண்ணக் கூடாதா, அம்மா?" என்று கேட்டேன். ஒரு மடையின் கீழுள்ளவர்கள் சேர்ந்து ஒரு முடிவுக்கு எப்படி வருகிறார்கள், ஒரு மடையில் முடிந்தது இன்னொரு மடையில் ஏன் முடியவில்லை என்பதல்லவா சமுதாயத்தைப் பற்றிய கேள்வி? நடவு ஸ்திரீகளின் குத்தகைக் கூட்டமும் அதில் ஒரு கட்சியாக வந்துவிடும். அவர் சிறிது யோசித்து, "கண்மாயில் ஏழு மடைகள்தானே, ஐயா? ஏழை வைத்துக்கொண்டு புள்ளிவிவரக் கணக்குப் போட முடியாதென்று வழிகாட்டி சொல்லுவாரே" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. அது டிப்ளமாவுக்கு மேற்பட்ட விஷயம். பக்கத்துக் கண்மாய்களையும் சேர்த்தால் முப்பதுக்குக் குறையாமல் மடைகள் தேறும் என்று மட்டும் சொன்னேன்.

அவருடைய விண்ணப்பம் ஜில்லா அலுவலகத்திற்குச் சென்றிருக்கிறது. மேற்சொன்ன இரண்டு நிபந்தனைகளையும் தாமாகவே ஒரு தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அதனுடன் சேர்த்திருக்கிறார். ஐப்பசியில் மடை திறக்கும்போது, அனுமதி வந்தாலும் வராவிட்டாலும், ஒரு நோட்டுப் புத்தகத்துடன் கடைமடையில் வந்து நிற்கப்போவதாகச் சொன்னார். ஒன்றரை ஏக்கர்ப் பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன்.